வெளிநாட்டிலிருந்து வடசென்னைக்குக் குடிவந்தவர்களுக்கு: கைக்கு வராமல் போகும் அரசு உதவிகள்

துபாய், குவைத், மலேசியா என்று சில வருடங்கள் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்புகிறவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்கே போவதில்லை. பிள்ளைகள் படிப்பு, துறைமுகப் பக்கம் வேலை, மாமியார் வீடு என்று ஏதோ ஒரு காரணத்தில் வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வாடகைக்கு வீடு பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வடசென்னைக்கு இது ஒன்றும் புதிதில்லை, 1960-களில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் இந்தப் பக்கம்தான் இடம் கிடைத்தது. ஆனால் இப்படி வருகிற வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "நாமதான் ஃபாரின்ல இருந்தவங்களாச்சே, நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறாங்க." தகுதி இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன்பே கையைக் கழுவிவிடுகிறார்கள். வேலை போய் வந்து உட்கார்ந்திருப்பவர் இன்றைய வருமானத்தைச் சொல்லித்தான் சான்றிதழ் கேட்கப்போகிறார், அங்கே வாங்கிய சம்பளத்தை அல்ல. பல வீடுகளில் உண்மையான சிக்கல் காகிதங்கள்தான். ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் இன்னொன்று, பாஸ்புக்கில் மூன்றாவது.

அதனால் முதல் வேலை ரேஷன் கார்டு. வெளிநாட்டில் இருந்த தம்பதிகளின் பெயர் பெரும்பாலும் ஊரில் அப்பா பெயரிலுள்ள கார்டில்தான் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து உங்கள் பெயர்களை நீக்கிவிட்டு, டிஎன்பிடிஎஸ் என்கிற ரேஷன் கார்டுக்கான அரசு இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ தனிக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனிச் சமையல், தனி கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள். ஏற்கெனவே சொந்தக் கார்டு இருந்தால் அதன் முன்பக்கத்தில் உள்ள குறியீட்டை வைத்து எந்த வகைக் கார்டு என்று பாருங்கள். வெளிநாடு போகும்போது "நமக்கு எதற்கு அரிசி" என்று சர்க்கரைக் கார்டாகவோ எந்தப் பொருளும் இல்லாத கார்டாகவோ வாங்கியவர்கள் உண்டு. அதை அரிசிக் கார்டாக மாற்றக் கேளுங்கள். ரேஷன் அரிசி சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பது உங்கள் விருப்பம், ஆனால் பொங்கல் தொகுப்பு மாதிரியானவை வழக்கமாக அரிசிக் கார்டுக்குத்தான் வருகின்றன. முகவரி மாறும்வரை பட்டினி கிடக்க வேண்டாம், 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக் கார்டுக்கு மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம்.

முகவரி மாற்றத்தில் இடிக்கிற இடம் ஹவுஸ் ஓனர். வீடு காட்டும்போது குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும் என்பதுவரை சிரித்துப் பேசுகிறவர், "கார்டை இந்த அட்ரஸுக்கு மாத்திக்கிறேங்க" என்றதும் சட்டென்று பேச்சைக் குறைத்துவிடுவார். கார்டு இந்த முகவரியில் இருந்தால் வீட்டுக்கே உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்று ஒரு பயம். ரேஷன் கார்டால் அப்படி எந்த உரிமையும் வராது, ஆனாலும் அந்தப் பயத்தோடு வாதாடிப் பயனில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கதவு எண், பழைய எண், புது எண் எல்லாம் கரண்ட் பில்லில் உள்ளபடியே இருக்கட்டும். திருவொற்றியூர், மாதவரம் பக்கம் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த வட்டங்கள் 2018-இல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. பழைய காகிதங்களில் திருவள்ளூர் மாவட்டம் என்றே இருக்கும், கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவதற்கு அது போதும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. உதவித்தொகைகள் பலவும் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். நீங்கள் தினமும் பார்க்கிற கணக்கு வேறாக இருக்கலாம். பணமே வரவில்லை என்று அலைகிறவர்களில் சிலருக்கு அது என்றோ திறந்து மறந்துபோன கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஆதார் தளத்திலேயே பார்க்கலாம். கூடவே, நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர்கள் என்ஆர்ஐ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக்கொடுங்கள்.

மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. 21 வயது நிறைந்த குடும்பத் தலைவி, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், சொந்தமாகக் கார் இல்லை, வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்தான், அதனால் ஊர்க் கார்டிலேயே இருந்தால் மாமியார் வாங்குவார், மருமகளுக்குக் கிடையாது. தனிக் கார்டு ஏன் முதல் வேலை என்றேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். மாமியார் முதியோர் உதவித்தொகை வாங்குகிறார் என்பதற்காக ஒதுங்கவும் வேண்டாம், அந்தத் தடையை 2023 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். விண்ணப்பம் எல்லா நாளும் வாங்குவதில்லை. 2025 ஜூலையில் தொடங்கியது போல முகாம் போடும்போது வாங்குகிறார்கள், உங்கள் வார்டில் எப்போது என்று காதைத் திறந்து வைத்திருங்கள்.

அந்த 3,600 யூனிட்டில் வாடகைக்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வடசென்னையில் ஸ்டோர் வீடுகள் அதிகம், நான்கைந்து குடித்தனத்துக்கு ஒரே மின் இணைப்பு, உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். விண்ணப்பத்தில் அந்தப் பொது எண்ணைக் கொடுத்தால் எல்லாக் குடித்தனத்தின் கரண்ட்டும் உங்கள் தலையில் ஏறும். எண்ணைக் கொடுக்கும்போதே இது பல குடித்தனம் சேர்ந்த இணைப்பு என்று சொல்லுங்கள், நிராகரித்தால் அதையே காரணமாக எழுதி மேல்முறையீடு செய்யுங்கள். இன்னொரு நஷ்டம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தானே தவிர குடித்தனத்துக்கு இல்லை. ஓனர் யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வாங்கும்போது அந்தச் சலுகை உங்களிடம் வந்து சேராது. தனி இணைப்புள்ள வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள், பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தானே, அட்டை எதற்கு என்பார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அது செல்லும், நள்ளிரவில் அவசரம் வரும்போது தாசில்தார் கையெழுத்துக்கு ஓட முடியாது.

கர்ப்பமாக வந்து இறங்கியிருந்தால் அந்த வாரமே பக்கத்து மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததற்கான எண், வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாக. முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. 12 வாரத்துக்குள் பதிவு, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், இந்த இரண்டிலும்தான் பலருக்குத் தவறிப்போகிறது. இந்தப் பக்கத்தில் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி பல தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த இடம். உதவித்தொகை வேண்டாம் என்றாலும் பிக்மி எண் வாங்குங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

ஐந்தாவது முடித்த பிள்ளையோடு வந்திருப்பவர்கள் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய், அதுதான் புதுமைப் பெண். 2022 செப்டம்பரில் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். பையன்களுக்கு இதே உதவி தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024-இல் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குத்தான். எட்டாவதில் கொண்டுவந்து சேர்த்தால் இரண்டுமே போச்சு. அங்கே ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளை என்ற கௌரவத்துக்காக, கடன் வாங்கித் தனியாரில் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வேலை விஷயம் சுருக்கமாக. ஆட்டோ, தையல், வீட்டு வேலை, கட்டட வேலை, சுமை தூக்குவது எதுவானாலும் தொழிலாளர் துறையின் நல வாரியத்தில் பதியுங்கள், பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, திருமணம், விபத்து, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. உணவு டெலிவரிக்குப் போகிறவர்களுக்கும் தனி வாரியம் அமைத்திருக்கிறார்கள். காசிமேட்டு மீனவக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். கடலுக்குப் போன மனிதர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் மீனவர் பதிவு விட்டுப்போயிருந்தால் மீன்வளத் துறையில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கணவர் இன்னும் வெளிநாட்டிலேயே இருந்து, குடும்பம் மட்டும் இங்கே வந்திருந்தால் அவரை அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதியச் சொல்லுங்கள், 200 ரூபாய்தான், விபத்துக் காப்பீட்டில் சேரவும் வழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கான எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கிப் போனவருக்கு 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இருக்கும். அந்த பாலிசிக் காகிதம் அவர் பெட்டியில் இருந்து பயனில்லை, நகல் மனைவி கையில் இருக்க வேண்டும்.

தாலுகா ஆபீஸ் வாசலில் "நான் முடிச்சுத் தரேன்" என்று வருகிறவர்களிடம் பணத்தையும் அசல் ஆதாரையும் கொடுக்காதீர்கள். ரேஷன் கார்டு இழுத்தடித்தால் 1967-க்குச் சொல்லலாம், மற்றதற்கு முதல்வரின் உதவி எண் 1100. சென்னையில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வழக்கமாக உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகங்களில் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் நீக்கம், முகவரி, கார்டு வகை எல்லாவற்றுக்கும் அங்கே மனு வாங்குவார்கள், காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஆள் இருக்காது.