லினக்ஸ் கணினிகளுக்கு இடையே பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லையா? 777 போடும் முன் பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் சில, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் இப்போது லினக்ஸ் மின்ட்டிலும் உபுண்டுவிலும் ஓடுகின்றன. நல்ல முடிவு. அடுத்து வருவது ஒரு கணினியில் பெரிய டிஸ்க் ஒன்றை மாட்டும் யோசனை. ஆயாவின் பழைய படங்கள், தைப்பூசக் காவடி வீடியோக்கள், 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கிய முன்னோர்களின் கப்பல் பதிவு நகல்கள் எல்லாவற்றையும் அதில் போட்டு, வீட்டில் யார் வேண்டுமானாலும் நெட்வொர்க் வழியாகத் திறக்கலாம் என்று நினைக்கிறோம். சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

லினக்ஸில் இதற்கு வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு: லினக்ஸ் கணினிகளுக்கு இடையே பகிரும் என்எஃப்எஸ் (NFS), விண்டோஸ் முறையில் பகிரும் சாம்பா (Samba). இரண்டும் நன்றாக வேலை செய்பவை. திறக்கவில்லை என்றதும் காரணம் தெரியாமலே நாலு இடத்தில் நாலு மாற்றம் செய்வதுதான் (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 உட்பட) நாம் செய்யும் பெரிய தவறு. அது போனால் பாதிச் சிக்கல் போய்விடும்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் கை வைப்பது

ஒரு வீட்டுக்குள் போக கேட், முன்கதவு, அறைக்கதவு என்று தாண்டுகிறோம் இல்லையா, நெட்வொர்க் ஃபோல்டரும் அப்படித்தான். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதைப் பிழைச் செய்தி சொல்லிவிடும். 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றால் பதிலே வரவில்லை. அந்தக் கணினி அணைந்திருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம், ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் கணினி விழித்திருக்கிறது, ஆனால் பகிர்வுச் சேவை ஓடவில்லை. 'ஆக்சஸ் டினைட் பை சர்வர்' என்று வந்தால், சர்வரின், அதாவது டிஸ்க் மாட்டிய கணினியின், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் (/etc/exports, எதை யாருக்குப் பகிர்வது என்ற பட்டியல்) உங்கள் கணினிக்கு அனுமதி எழுதப்படவில்லை. ஃபோல்டர் மவுன்ட் ஆகிவிட்டது (உங்கள் கணினியோடு இணைந்துவிட்டது), கோப்பைத் திறக்கும்போதுதான் 'பெர்மிஷன் டினைட்' வருகிறது என்றால் அது கோப்பின் அனுமதிச் சிக்கல். ஃபயர்வாலை நாள் முழுக்க நோண்டினாலும் இந்தக் கடைசிச் சிக்கல் தீராது.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களை ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. பிங் செய்தால் (சர்வர் எட்டுகிறதா என்று சோதித்தால்) பதில் வரும், மவுன்ட் செய்தால் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வரும். கேபிளில் கோளாறு என்று தேடப் போக வேண்டாம். பெரும்பாலும் சர்வரில் உள்ள ஃபயர்வால் மறுத்து அனுப்பும் பதில்தான் அது. ஃபயர்வாலை அடியோடு அணைத்துவிட்டு அப்படியே மறந்துபோவது இன்னொரு தவறு. என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு 2049 என்ற ஒரே போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்) போதும், சாம்பாவுக்கு 445. அதை மட்டும், வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கான வைஃபையில் மடிக்கணினி இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் அந்த வைஃபையிலிருந்து மற்ற வீட்டுக் கணினிகளைப் பார்க்க முடியாது.

ஒரே ஒரு இடைவெளி

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஃபோல்டரின் பாதை, அதற்குப் பின் 192.168.1.0/24 என்பது போல வீட்டு முகவரி வரம்பு, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் அனுமதிகள் என்று எழுதுகிறோம். முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடம் விட்டுவிட்டால் அர்த்தமே மாறிவிடும். உங்கள் வீட்டுக் கணினிகளுக்கு வெறும் வாசிப்பு அனுமதி, எழுதும் அனுமதி மற்ற எல்லோருக்கும் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். 'திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். கோப்பைத் திருத்தியபின் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ஓட்டி சர்வரை மறுபடி படிக்கச் செய்யவும் வேண்டும்.

பெயர் ஒன்று, எண் வேறு

இதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் சர்வர் உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, பயனர் எண்ணைப் பார்க்கிறது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எதுவானாலும் நிறுவும்போது உருவாகும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. அப்பா சர்வரில் 1000, மகள் 1001 என்று வையுங்கள். மகள் தன் மடிக்கணினியில் தானே லினக்ஸ் நிறுவியிருந்தால் அங்கே அவள் 1000. அவள் சேமிப்பதெல்லாம் சர்வரில் அப்பாவின் கோப்பாக விழும். சர்வரில் அவள் பெயரில் இருக்கும் கோப்பை மடிக்கணினியிலிருந்து அவளாலேயே திருத்த முடியாது. பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் காரணம் கண்ணில் படாது. இரு கணினியிலும் ஐடி கட்டளையை ஓட்டி எண்ணைப் பாருங்கள். எல்எஸ் கட்டளையில் எல், என் என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்தால் கோப்பின் உரிமையாளர் பெயருக்குப் பதில் 1000, 1001 என்று எண்ணாகவே தெரியும்.

இந்த இடத்தில்தான் பலரும் 777 போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். யாரும் எதையும் அழிக்கலாம் என்று குடும்பத்தின் ஒரே பிரதியைத் திறந்துவிடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதனால் சிக்கலும் தீராது. இன்று இருக்கும் கோப்புகளுக்குத்தான் 777, நாளை அம்மா சேமிக்கும் புதுக் கோப்பு அம்மாவுக்கு மட்டுமே எழுதும் அனுமதியோடு வரக்கூடும். சரியான வழி, எல்லாக் கணினியிலும் ஒருவருக்கு ஒரே எண் வைப்பது. எண்ணை மாற்றினால் ஹோம் ஃபோல்டருக்கு வெளியே உள்ள அவருடைய கோப்புகளுக்கும் உரிமையைக் கையால் மாற்ற வேண்டும், அவை தானாக மாறாது. அத்தனை வேலை வேண்டாம் என்றால், யார் எழுதினாலும் ஒரே பயனராகக் கருதும்படி எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஆல் ஸ்குவாஷ் (all_squash) விருப்பத்தைப் போட்டு, அந்தப் பயனரின் எண்ணையும் அங்கேயே குறிப்பிடலாம். வீட்டுப் பொது ஃபோல்டருக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

ஃபோல்டர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு வருகின்றன, வெளியாள் உள்ளே நுழையவே முடியாது. அதற்குள் இருக்கும் படங்கள் ஃபோல்டரை எவ்வளவு திறந்துவிட்டாலும் பயனில்லை. பகிர்வதை ஹோமுக்கு வெளியே வைப்பது நல்லது. சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியாகச் சோதித்துவிட்டு 'ரூட்டுக்கே அனுமதி இல்லையே' என்று பயப்படவும் வேண்டாம். என்எஃப்எஸ் வழக்கமாகவே வெளியிலிருந்து வரும் ரூட்டை யாருமற்ற பயனராக மாற்றிவிடும். சாதாரணப் பயனராகச் சோதியுங்கள்.

சாம்பாவில் இந்த எண் தொல்லை இவ்வளவு இல்லை. ஆனால் அதற்குத் தனி பாஸ்வேர்ட் உண்டு, லினக்ஸ் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஏற்காது. smbpasswd கட்டளையால் ஒருமுறை வைத்துவிட்டால் போதும்.

கரண்ட் போய் வந்த பிறகு

2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நம்மை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச் கடைசியில் நின்றது, 2025 தொடக்கத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. அது இல்லாத காலத்திலும் கேபிள் திருட்டு, பழுது என்று மின்சாரம் போகத்தான் செய்கிறது. நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இங்கேதான் காரணம் கிடைக்கும்.

கரண்ட் வந்ததும் ரூட்டர், சர்வர், மற்ற கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. ரூட்டர் சர்வருக்குப் புது முகவரி கொடுத்துவிட்டால் பழைய முகவரியைத் தேடும் கணினிகள் காத்துக் கிடக்கும். ரூட்டர் அமைப்பில் சர்வருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிடுங்கள். மற்ற கணினிகளில், மவுன்ட் செய்ய வேண்டியவற்றை எழுதும் எஃப்ஸ்டேப் (/etc/fstab) கோப்பில் நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி-ஆட்டோமவுன்ட் இரண்டையும் சேர்த்தால், சர்வர் தயாராகாவிட்டாலும் கணினி நிற்காமல் எழும். ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுன்ட் ஆகும்.

சர்வர் அணைந்திருக்கும்போது ஃபோல்டரைத் தொட்டால் நிரல் அப்படியே உறைந்துவிடும். இது பிடிக்காமல் சிலர் சாஃப்ட் மவுன்ட்டுக்கு மாறுகிறார்கள். எழுதுகிற ஃபோல்டருக்கு அது ஆபத்து, பாதி எழுதிய கோப்போடு கைவிட்டுவிடும். ஹார்ட் மவுன்ட்டாகவே இருக்கட்டும். சர்வர் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான் அதிகம் பயப்படுவது இனி சொல்லப்போவதற்குத்தான். சர்வரில் யுஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகும் முன்பே என்எஃப்எஸ் எழுந்துவிட்டால், டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் உள்ள வெற்று ஃபோல்டரை அது பகிரும். படங்கள் எல்லாம் போய்விட்டன என்று வீடே கலங்கும். டிஸ்க்கில் அவை பத்திரமாக இருக்கும், அதனால் அவசரப்பட்டு மீட்பு மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். மடிக்கணினியிலும் இதே கதைதான். மவுன்ட் ஆகாத வெற்று ஃபோல்டருக்குள் பேக்கப் நிரல் எழுதிக்கொண்டே போகும், உள் டிஸ்க் நிரம்பும், சர்வரில் ஒரு பிரதியும் இருக்காது. இதற்கு எக்ஸ்போர்ட்ஸில் மவுன்ட்பாயின்ட் விருப்பத்தைச் சேருங்கள், டிஸ்க் வந்தால்தான் பகிரும். மடிக்கணினியில் மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டரைச் சாட்டர் (chattr +i) கட்டளையால் பூட்டிவிடுங்கள். யாரும் அதில் எழுத முடியாது, மவுன்ட் மட்டும் வழக்கம்போல் ஆகும்.

தமிழில் பெயர் வைத்தால்

லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கில் கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'காவடி' என்பதில் துணைக்காலையும் 'டி'-யின் மேல்விலங்கையும் சேர்த்து ஐந்து குறிகள், ஆக 15 பைட். மொத்தம் 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் 255 குறிகள் வரை இடம் இருப்பதால், அங்கே ஆண்டு, ஊர், கோவில், ஆட்களின் பெயர் என்று நீளமாக வைத்த படங்கள் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 'ஃபைல் நேம் டூ லாங்' என்று நின்றுபோகும். நெட்வொர்க்கில் குறையில்லை, டிஸ்க்கிலும் குறையில்லை. பெயரைச் சுருக்குங்கள். விவரங்களை வெட்டி எறியாமல் அதே ஃபோல்டரில் ஓர் உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். படத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கும்போதே அந்தக் கோப்பை நிரப்பிவிடுங்கள்.