தவளைத் தொட்டிக்குள் மலை கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. பெரும்பாலும் அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. வீட்டில் தவளை வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குள் மலை, பாறை என்று கட்ட நாம் வைக்கும் மண், கல், பசை ஆகியவற்றிலிருந்து ஈரத்தில் எது கரைந்தாலும் அதன் உடம்புக்குள் போய்ச் சேரும். கண்ணுக்கு அழகாகக் கட்டிய பல தொட்டிகள் இதை மறந்ததால்தான் கெடுகின்றன.

நம் கோவைப் பக்கத்தில் முதல் தவறு தென்னை நார்க்கழிவில் நடக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறதே என்று கட்டியை வாங்கி, ஊறவைத்து, அப்படியே கொட்டிவிடுகிறார்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். நாற்றுப்பண்ணைக்காரர்கள் ‘அலசிய கட்டியா?’ என்று கேட்காமல் வாங்குவதில்லை. தவளை வளர்ப்பவரும் கேட்க வேண்டும். கேட்டாலும் வீட்டில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிவது நல்லது, அதுவும் போர்வெல் உப்புத் தண்ணீரில் அல்ல. சிறுவாணித் தண்ணீரின் சுவையில் கோவைக்காரர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் குழாயில் வருவதில் குளோரின் கலந்திருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். தோட்டத்து மண் வேண்டாம்: உரமும் பூச்சிமருந்தும் அதில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது கல். மதுக்கரை வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் உண்டு. சிமென்ட் ஆலை அங்கே வந்ததே அதற்காகத்தான். அந்தக் கல் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். சந்தேகப்படும் கல்லின் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் வெளியே போட்டுவிடுங்கள். கருங்கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தக் கல்லானாலும் மண்ணின் மேல் வைக்காமல், தொட்டியின் அடித்தளத்தில் உட்கார்த்திவிட்டு மண்ணை அணைக்க வேண்டும். பலர் வளர்க்கும் பேக்மேன் தவளை (தென் அமெரிக்கக் கொம்புத் தவளை) மண்ணில் புதைந்து வாழ்வது. அது அடியில் தோண்டினால் கல் அதன் மேலேயே சரியும். பொடிக் கூழாங்கல்லோ இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துவிடும். தவளையின் தலையைவிடப் பெரிய கல்லாகப் பாருங்கள்.

சிமென்ட் பூசிப் பாறைச்சுவர் எழுப்புகிறவர்கள், காய்ந்ததும் தவளையை விட்டுவிடுகிறார்கள். புதுச் சிமென்டிலிருந்து காரம் வாரக்கணக்கில் கசியும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தே தீர வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் கூடவே கூடாது. மீன்தொட்டிக்கு உரியதை வாங்கி, நெடி முழுவதும் போகும்வரை காத்திருங்கள்.

அருவி வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. சிறிய தொட்டியில் அது மண்ணைச் சேறாக்குவதுதான் மிச்சம். பேக்மேன் நன்றாக நீந்தாது. ஏற முடியாத செங்குத்துக் கரையுள்ள குட்டை அதைக் கொன்றுவிடும். ஆழமில்லாத தட்டும் அதற்கொரு சரிவும் போதும். மண்ணுக்கு அடியில் தண்ணீர் வடிந்து இறங்க ஒரு வடிகால் அடுக்கும், இரண்டுக்கும் நடுவில் வலையும் இல்லாவிட்டால், அருவி இல்லாமலேயே மண் அழுகி நாறும்.

மூடிக்கு ஒரே விதி கிடையாது. சித்திரை வெயிலில் முழுக்க மூடிய கண்ணாடி உலையாகிவிடும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது, வலைமூடி போட்ட தொட்டியில் மண் மேல் பரப்பிய பாசி (மாஸ்) சீக்கிரமே காய்ந்து சருகாகும். பாதி கண்ணாடி, பாதி வலை என்று வைத்துப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

பாசிக்காக வால்பாறைக்குப் போய்ப் பெயர்த்து வராதீர்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். காட்டுத் தவளைகளின் நோயும் அதோடு வந்து சேரலாம். நாற்றுப்பண்ணைப் பாசியும் மருந்தடிக்காத மரத்தின் வாதாம் சருகும் போதும்.