பிபிஎஃப் ஒட்டுவதற்கு முன் காரைச் சுற்றி ஒரு நடை

புதுக் கார் எடுத்த கையோடு பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்க அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம், ஒட்டப் போகிறவர் முன்னால் கடைக்காரர் முதலில் வைப்பது விலைப்பட்டியலைத்தான். முன்பக்கம் பாதி, முன்பக்கம் முழுவதும், முழு வண்டி என்று மூன்று வகையாகப் பிரித்திருப்பார்கள்; கையிருப்புக்கு ஏற்ப ஒன்றைச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பட்டியல், சுருளில் எத்தனை மீட்டர் செலவாகும் என்ற கணக்கில் போடப்பட்டது. உங்கள் காரில் கல் எங்கே தெறிக்கும், முள் எங்கே கீறும், வீட்டார் கை எங்கே உரசும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்தக் கணக்கை நாம்தான் போட்டாக வேண்டும். அதைப் போட்டு முடித்தால் பெரும்பாலானோருக்கு முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

வழி எளிது. உங்கள் பழைய காரையோ, அது கைமாறிவிட்டிருந்தால் அதே மாடலில் மூன்று நான்கு ஆண்டு ஓடிய தெரிந்தவர் காரையோ கழுவித் துடைத்து, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு சுற்று வந்து பாருங்கள். கைபேசி டார்ச்சைப் பெயிண்டை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நேர்வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகளும் கோடுகளும் எழும்பித் தெரியும். ஆறு வருடம் ஓட்டிய என் காரில் இப்படிப் பார்த்தபோது, பானெட்டின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பதினேழு கல்லடிகள் இருந்தன; அதற்கு மேலே கண்ணாடி வரைக்கும் ஐந்தே ஐந்து. கூரையின் முன்விளிம்பில் இருந்த நான்கில் இரண்டு துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. கதவுகளில் கல்லடி ஒன்றுகூட இல்லை. ஆனால் இடப்பக்கக் கதவுகள் இரண்டிலும் தலைமுடி போல நீளமான கீறல்கள் ஓடின. எங்கள் ஊர் ஒற்றைச் சாலையில் எதிரே பஸ் வந்தால் இடப்பக்கம் ஒதுங்குவோம், அங்கே சீமைக் கருவேலம் சாலைக்குள் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கக் கதவுகள் புதிதுபோல இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

எங்கே ஒட்டுவது என்பதைத் தீர்மானிக்க, இந்த ஃபிலிம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது தெரிந்திருக்க வேண்டும். நல்ல பிபிஎஃப் என்பது டிபியு எனப்படும் பாலியூரத்தேன் பிளாஸ்டிக்கால் ஆனது. தடிமன் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் வரும் என்பதால், பெயிண்டைவிடத் தடிமனான ஒரு மெத்தையை அதன்மேல் விரிக்கிறோம் என்று சொல்லலாம். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளின் முனைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்கப் பயன்பட்ட யூரத்தேன் ஃபிலிமின் வழிவந்தது இது. சில மைக்ரான் கனமே உள்ள செராமிக் கோட்டிங் தெறிக்கும் கல்லைத் தடுக்காது. கழுவுவதற்கு எளிதாக்கும், அவ்வளவுதான். ஃபிலிமும் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. கல்லடி, லேசான கீறல், துணியால் துடைத்த வட்டத் தடங்கள் ஆகியவற்றை அது வாங்கிக்கொள்ளும், மேற்பூச்சில் விழுந்த மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தாமாகவே மறையவும் செய்யும். ஆனால் தகடு நெளியும் இடியையோ, தூணில் இழுத்துத் தேய்த்ததையோ அது தாங்காது.

கல்லடியின் வலு வேகத்தின் இருமடியில் கூடும். நகருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பானெட்டில் பட்டு உருண்டுபோகும் அதே ஜல்லித்துண்டு, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டரில் ஆறு மடங்குக்கும் மேலான வலுவோடு அடிக்கிறது. மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து மதுரைக்கு ஓட்டுகிறவரும், அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் எடுக்கிறவரும் ஒரே பகுதிகளுக்குப் பணம் செலவழிப்பதில் பொருளில்லை. முன்னவர் முகப்புப் பகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பின்னவருடைய எதிரி கல்லைவிட, சிக்னலில் இடுக்கில் நுழையும் இருசக்கர வாகனத்தின் கைப்பிடியும் அடுக்கக வாகன நிறுத்தத்தின் தூணும்தான்.

முகப்பில் அதிகம் அடிவாங்குவது பம்பர். ஆயினும் ஓர் இடத்துக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால் நான் பானெட்டையே தேர்ந்தெடுப்பேன். பம்பர் பிளாஸ்டிக், பெயிண்ட் பெயர்ந்தால் கறுப்புப் புள்ளி தெரியுமே தவிர துரு ஏறாது. நம் ஊர்ப் போக்குவரத்தில் எப்படியும் ஒருநாள் அதை மறுபெயிண்ட் அடிக்க வேண்டியும் வரும். பெரும்பாலான கார்களில் பானெட் இரும்புத் தகடு. அதில் கல் பட்டு அடிப்பூச்சு வரை பெயர்ந்தால், கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலத்துக்குள் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்துவிடும்.

பானெட்டில் பாதி ஒட்டுவதா, முழுவதும் ஒட்டுவதா என்ற கேள்விக்கு என்னிடம் பட்டுத் தெளிந்த பதில் இருக்கிறது. கல்லடி விழுவது முன்விளிம்பில்தானே என்று முன்பு ஒருமுறை அரையடி அகலத்துக்கு மட்டும் ஒட்டச் சொன்னேன். ஒட்டிய அன்று கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஃபிலிம் முடியும் அந்த மெல்லிய படியில் தூசியும் பாலிஷும் சேர்ந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளைப் பானெட்டின் குறுக்கே கறுப்பு நூல் கட்டியதுபோல ஆகிவிட்டது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. ஃபிலிமின் விளிம்பு ஒரு தகட்டின் நடுவில் முடியக்கூடாது, தகடு முடியும் இடத்தில்தான் அதுவும் முடிய வேண்டும் என்பது அன்று கற்ற பாடம். பானெட்டுக்கு ஒட்டுவதாக இருந்தால் முழுவதும் ஒட்டுங்கள், இல்லையேல் அப்படியே விட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு கூரையின் முன்விளிம்பு. கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் அகலப் பட்டை போதும். உயரமான எஸ்யுவி கார்களில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தக் கோடு எட்டாது. கண்ணாடியின் இருபுறமும் ஏறும் தூண்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடியில் பட்டு மேலேறும் கற்கள் போய் அடிக்கும் இடங்கள் இவை. பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மூடிகளுக்கு ஆகும் ஃபிலிம் உள்ளங்கை அளவுதான்; வண்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டோவில் உரசுவது அவைதான் என்பதால் யோசிக்காமல் ஒட்டிவிடலாம். ஹெட்லைட்டின் மேல்மூடி பாலிகார்பனேட் என்பதால் கல்லும் வெயிலும் அதை மங்கச் செய்யும். முழு விளக்காக மாற்றும் செலவை நினைத்தால் அங்கே ஒரு துண்டு ஒட்டுவது நியாயமே, ஆனால் நிறமற்ற ஃபிலிமாக இருக்க வேண்டும். கறுப்புச் சாயம் ஏற்றியது வெளிச்சத்தைக் குறைக்கும்.

அடுத்து, பலரும் பார்க்க மறக்கும் இடம் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. முன்சக்கரம் வாரி இறைக்கும் கற்கள் கதவுக்குக் கீழுள்ள பக்கச்சட்டத்தையும், பின்கதவு முடிந்து பின்சக்கர வளைவு தொடங்கும் புடைப்பையும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. குனிந்து விரலால் தடவினால் அந்தப் புடைப்பு உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருப்பது தெரியும். உங்கள் காரில் அந்தப் பகுதி முழுவதும் பெயிண்ட் இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருந்தால் அங்கே ஃபிலிம் தேவையில்லை. சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் அது சரியாக ஒட்டவும் செய்யாது. மூடப்படாத கார் என்றால், ஃபிலிமுக்கு முன்னால் மட்ஃபிளாப் மாட்டுங்கள். பாதி வேலையை அதுவே குறைந்த செலவில் செய்துவிடும்.

கல்லுக்குச் சம்பந்தமில்லாத, கையும் காலும் படும் இடங்கள் சில உண்டு. கதவுக் கைப்பிடிக்குப் பின்னுள்ள குழியில் மோதிரமும் வளையலும் நகமும் பட்டு ஓராண்டுக்குள் வலைபோல் கீறல் விழும். டிக்கியைத் திறந்து அரிசி மூட்டையையோ பெட்டியையோ இழுக்கும்போது பின்பம்பரின் மேல்விளிம்பு தேயும். கதவின் ஓரம் பக்கத்துக் காரிலும் சுவரிலும் இடிக்கும். அங்கே ரப்பர் பீடிங் செருகுவதைவிட ஃபிலிம் பட்டையே மேல், ஏனெனில் பீடிங்குக்குள் தண்ணீர் தங்கி உள்ளேயே துரு பிடிக்கும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள பளபளக்கும் கறுப்புத் தூண்பட்டை, புழுதித் துணியால் ஒரே ஒரு முறை துடைத்தாலும் கோடு விழும் பொருள். இவை யாவும் பெரிய தகடுகளுக்கு வெட்டி மிஞ்சும் துண்டுகளிலேயே முடிந்துவிடக்கூடியவை என்பதால், முகப்புக்கு ஒட்டக் கொடுக்கும்போது சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். சில கடைக்காரர்கள் சிறு தொகைக்குச் செய்துதருவார்கள்.

கதவுகளுக்கு வருவோம். முள் உரசும் கிராமச் சாலையோ குறுகலான சந்தோ அன்றாட வழியாக இருந்தால், முழுக் கதவுக்கும் ஒட்டுவதை வீண் என்று சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கு அது தேவையற்ற செலவு. முன்விளிம்பு தவிர்த்த கூரையும் டிக்கி மூடியும் அப்படியே; கல் அங்கே போவதில்லை, மேலும் கூரை நாள்முழுதும் வெயிலைத் தாங்குவதால் ஃபிலிம் முதலில் பழையதாவதும் அங்கேதான். மரத்தடியில் நிறுத்துகிறேன், காக்கை எச்சம் விழுகிறதே என்று கேட்பார்கள். எச்சம் பெயிண்டை அரிப்பது உண்மை, ஃபிலிம் இருந்தால் அரிப்பு அதோடு நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் காய விட்டால் ஃபிலிமின் மேற்பரப்பிலும் கறை நிற்கும், ஆகவே ஒரு பாட்டில் தண்ணீரும் மென்துணியும் வண்டியில் வைத்திருக்க வேண்டியது எப்படியும் தப்பாது. ஆயுத பூஜைக்குப் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் அதைக் கண்ணாடியில் வைத்துக்கொள்வது நல்லது. குங்குமச் சாயம் ஃபிலிமில் ஏறினால் எடுப்பது கடினம்.

ஒட்டவே கூடாத இடங்களும் உள்ளன. பார்க்கிங் சென்சாரின் முகத்தை மூடாமல் வட்டமாக வெட்டி விட வேண்டும். முன்னால் போகும் வண்டியைக் கண்டறியும் ரேடார் சில கார்களில் முன்சின்னத்துக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும். அந்த இடத்தைப் பற்றி உரிமையாளர் கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். மறுபெயிண்ட் அடித்த தகட்டில் மிகுந்த கவனம் தேவை. புதிதாக அடித்த பெயிண்ட் உள்வரை உலர ஒரு மாதமாவது விட வேண்டும். அதன் பிறகும், என்றோ ஒருநாள் ஃபிலிமை உரிக்கும்போது பசையோடு பெயிண்டும் பெயர்ந்து வரலாம். புதுக் கார்தானே என்று நம்பிவிடாதீர்கள், யார்டிலோ ஷோரூமிலோ உரசி, விற்பதற்கு முன் ஒரு தகட்டை மட்டும் அடித்துக் கொடுப்பதும் நடக்கிறது. கடையில் பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மற்றவை 110, 120 என்று காட்டும்போது ஒன்று மட்டும் 250 காட்டினால், அதற்கு ஒட்டுவதா என்பதை மறுபடி யோசிக்கலாம்.

இடங்கள் முடிவான பிறகு அளவைக் கவனியுங்கள். ஃபிலிம் சுருள் வழக்கமாக 1.52 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமுமாக வரும்; நடுத்தரக் கார் ஒன்றை முழுவதும் மூட ஏறத்தாழ ஒரு சுருள் ஆகும் என்பதால், நீங்கள் தேர்ந்த பகுதிகளுக்கு விலை எவ்வளவு நியாயம் என்பதை இதை வைத்தே கணித்துக்கொள்ளலாம். அகன்ற எஸ்யுவி பானெட்டுக்கு இந்த அகலம் போதாமல் இணைப்பு வரக்கூடும், அதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். விளிம்பை உள்பக்கம் மடித்து ஒட்டுவார்களா, சில மில்லிமீட்டர் விட்டு நிறுத்துவார்களா, கணினி அச்சில் வெட்டிய துண்டா, காரின் மேலேயே கத்தி வைத்து வெட்டுவதா என்பனவும் கேட்க வேண்டியவை. திறமையில்லாத கையில் கத்தி பெயிண்டிலேயே கோடு போட்டுவிடும். நிறமற்ற ஃபிலிமுக்கு ஆர்சியில் மாற்றம் எதுவும் வேண்டாம், வண்ண ஃபிலிம் என்றால் ஆர்டிஓவில் நிறமாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

வண்டியை விடப் போகும் அன்று, நீங்கள் தேர்ந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். அதே எண்களை ரசீதிலும் எழுதச் சொல்லி, பக்கத்தில் ‘மடிப்பு’ அல்லது ‘இடைவெளி’ என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். என் இப்போதைய காரில் பதினொரு எண்கள் இருந்தன. கடைசி இரண்டும் இடப்பக்கக் கதவுகள்.