வீட்டில் படிப்பிக்கிறீர்களா? புத்தகத்தை முடிக்க ஓடாதீர்கள்

போன கிழமை பரந்தனில் ஒரு தங்கச்சி பெருமையாகச் சொன்னாள்: "அக்கா, தரம் 4 கணக்குப் புத்தகத்தை ரெண்டு மாதத்தில முடிச்சிட்டன்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது நானும் இப்படித்தான் திரிந்தேன். அடிக்காதீர்கள், ரிவியை நிறுத்துங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுவோம். கீழே இருப்பவை வீட்டில் படிப்பிக்கும்போது விடுகிற வேறு பிழைகள்.

புத்தகத்தை முடிப்பது

வீட்டில் படிப்பிப்பதால் படிப்புக்கு வரும் பெரிய லாபம், விளங்காத இடத்தில் நிற்கலாம் என்பதுதான். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரால் ஒருவனுக்காக நிற்க முடியாது. நான் அந்த லாபத்தையே முதலில் தூக்கி எறிந்தேன். சுவரில் நேரசூசி, 40 நிமிடப் பாடம், மணிக்குப் பதிலாகப் போன் அலாரம். ஆடி பிறக்க முன்னமே மகனின் கணக்குப் புத்தகம் முடிந்தது. பின்னக் கணக்கு எல்லாம் சரி.

காலபோக நெல் விதைத்த பிறகு மாமாவோடு, அதாவது என் தம்பியோடு, வயலுக்குப் போனான். "ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா எண்டால் முக்கால் ஏக்கருக்கு எவ்வளவு, மருமகன்?"

"ஒரு மூட்டையும் முக்காலும்."

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியில் முக்கால் வட்டத்துக்கு நிறம் தீட்டிச் சரி வாங்கிய பிள்ளை அவன். முக்கால் ஒன்றைவிடக் குறைவு என்பதே பிடிபடவில்லை.

தரம் 3க்குத் திரும்பினோம். புத்தகத்தை மூடிவிட்டு அரிசியும் அதை அளக்கிற சுண்டும் எடுத்தேன். நாலு சுண்டு ஒரு கொத்து; மூன்று சுண்டு முக்கால் கொத்து. மூன்று கிழமை இதுதான். ஒருநாள் அளந்துகொண்டிருந்தவன் திடீரென்று, "அம்மா, 50 கிலோ மூட்டையில முப்பத்தேழரை கிலோ!" என்றான்.

வீட்டுக்கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியதை அடிக்கடி இழுப்பார்கள்: ஓர் ஆசிரியரிடம் தனியாகப் பாடம் கேட்ட சராசரி மாணவன், வழமையான வகுப்பில் 98 வீதமானோரைவிட மேலே நின்றானாம். பிந்திய ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக வரவில்லை, அது ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகளுக்கு இடையிடையே சோதனை வைத்து, பிழைத்ததைத் திருத்திக்கொண்டு போனார்கள் என்ற பாதியைத்தான் விழுங்கிவிடுகிறார்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாளைத் தரம் 3இலேயே தொடங்குவது

வேண்டாம்.

பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவது

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. பின்னேரமும் விடுமுறையும் உங்களுடையவை, அது காணும்.

தமிழ் தானாக வரும் என்று விடுவது

கணக்கு, ஆங்கிலம் என்று ஓடியதில் மகளைக் கவனிக்கவில்லை. நன்றாக வாசிப்பாள், இரண்டு வசனம் சேர்த்து எழுதமாட்டாள். மாரியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் 36 அடியைத் தொடுகிறதா என்று பார்த்து, நாளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். முதல் நாள், "தண்ணி கூடிட்டுது." வான்கதவு திறந்த அன்று ஒன்றரைப் பக்கம், எழுத்துப்பிழை பதினொன்று. மூன்றைத்தான் திருத்தினேன்.