தொட்டியா, மரத்துண்டா? வீட்டுக்குள் வளரும் என் ஆர்க்கிட்

நர்சரியிலிருந்து வந்தபோதே என் ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட் செடியின் இலைகள் தொய்ந்திருந்தன. தொட்டியிலிருந்து உருவியதும் காரணம் தெரிந்தது: தென்னைநார்க் கழிவை ஈரத்தோடு இறுக்கி அடைத்திருந்தார்கள். பழுப்பேறிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் கையோடு வந்தது. உள்ளே நூல் போன்ற நடு நார் மட்டும் மிச்சம். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் அவற்றையெல்லாம் வெட்டி எடுத்தேன்.

காட்டில் மரத்தில் ஒட்டி வளரும் செடிதானே, மரத்துண்டில் கட்டிவிடு என்பார்கள். காற்றில் ஈரம் நிற்கும் இடத்துக்கு அது சரி. எங்கள் ஹாலில் பகலெல்லாம் ஃபேன், ராத்திரி ஏசி. கட்டித் தொங்கவிட்டால் தினமும், கோடையில் இரண்டு வேளையும் நனைக்க வேண்டும். ஊருக்குப் போனால் யார் நனைப்பது? தொட்டியே என்று முடிவு செய்தேன்.

உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி, பக்கவாட்டிலும் ஓட்டைகள். அடுப்புக்கரித் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் பாதிக்குப் பாதி. மட்டையில் உப்பு இருக்கும். பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே போட்டேன். வேர் வெள்ளிச் சாம்பலாக மாறினால் தண்ணீர், பச்சையாக இருந்தால் தொடுவதில்லை. வெளியே நீளும் வேரை உள்ளே திணிப்பதும் இல்லை. சுருங்கிய பழைய இலை நிமிரவில்லை. ஆனால் பச்சை நுனியோடு புது வேர்கள் வந்துவிட்டன, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

என்னிடமுள்ள இன்னொரு ஆர்க்கிட், ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசாவின் கதை வேறு. அதன் தடித்த வேர்கள் ஈரத்தில் மூடிக் கிடந்தால் தாங்காது. குளியலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் விழுவதால் அங்கே மரத்துண்டில் கட்டினேன். குளிக்கும்போதே தினமும் நனைத்துவிடலாம். வேர் கட்டையைப் பற்றிக்கொண்டதும் நூலை அவிழ்த்துவிடலாம்.