'ரிஃப்ரெய்ன்' என்ற ஆங்கிலச் சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நான் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழையைச் சொல்லவில்லை, அதைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு சொற்களை ஒன்றாக்குவது

ரிஃப்ரெய்ன் வினையாக வந்தால், ஒன்றைச் செய்யாமல் தன்னைத் தடுத்துக்கொள்வது. பெயராக வந்தால், பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அடி. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றுதான் என்பதால் உடனே ஒரு கதை பிறந்துவிடுகிறது: 'பாட்டு மேலே ஓடாமல் தன்னை அடக்கிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்புவதால் இந்தப் பெயர்.' அழகான கதை, முழுப் பொய்.

வினைக்கு மூலம் லத்தீனின் 'ஃப்ரேனும்', அதாவது கடிவாளம். 'ரெஃப்ரேனாரே' என்றால் கடிவாளத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துவது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள்; அடியில் மெல்லிய சவ்வு ஒன்று நாக்கைப் பிடித்து வைத்திருக்கும். மருத்துவத்தில் அதற்கு 'ஃப்ரெனுலம்' என்று பெயர்: குட்டிக் கடிவாளம். பெயர் வைத்தவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும்.

பாட்டில் வரும் ரிஃப்ரெய்னின் வேர் 'ஃப்ராங்கெரே', உடைத்தல். பாட்டின் ஓட்டத்தை இடையிடையே முறிப்பதால் அப்படி. எலும்பு முறிவைக் குறிக்கும் 'ஃப்ராக்சர்' இதன் சொந்தம். கடிவாளத்தோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மாணவர்களுக்கான ஒரு கையேட்டில் அந்தப் பொய்க் கதை அச்சேறிவிட்டது. கட்டுக்கட்டாக வந்திறங்கிய பிரதிகளில் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டினோம். எழுதியவரோ, கையில் பசையோடு, "இருந்தாலும் என் விளக்கம்தான் சார் மனதில் நிற்கிறது" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. மனதில் நிற்கிறது என்பதுதானே ஆபத்து! படித்த பிள்ளைகளிடம் போய் யார் சீட்டு ஒட்டுவது? வேர்ச்சொல் எழுதுமுன் நல்ல அகராதியில் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பிறரைத் தடுப்பதற்கு இதைப் போடுவது

இன்றைய ஆங்கிலத்தில் ரிஃப்ரெய்ன் தன்னைத் தடுத்துக்கொள்வதற்கு மட்டும். காவலர் கூட்டத்தைத் தடுத்தால் 'ரெஸ்ட்ரெய்ன்'. அது இறுக்கிக் கட்டுதல் என்ற பொருளுள்ள 'ஸ்ட்ரிங்கெரே'யிலிருந்து வந்தது; 'ரெஸ்ட்ரிக்ட்' அதன் உடன்பிறப்பு.

பின்னால் 'டு' போடுவது

'ஃப்ரம்' போடுங்கள்.

'அப்ஸ்டெய்ன்' என்று மாற்றிவிடுவது

சில இடங்களில்தான் பொருந்தும். இந்த அறையில் புகைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள ரிஃப்ரெய்ன். மதுவையே தொடாதவருக்கும், வாக்களிக்காமல் ஒதுங்கும் உறுப்பினருக்கும் அப்ஸ்டெய்ன்.