வில்லங்கச் சான்றில் அப்பாவின் பத்திரத்தையே காணோம்

தஞ்சாவூர் புறநகரில் அப்பா 1998இல் வாங்கிய மனையில் வீடு கட்ட வங்கிக் கடன் கேட்டேன், பத்து நாள் இழுத்துவிட்டது. வில்லங்கச் சான்றில், அதாவது மனையின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், அப்பாவின் கிரயப் பத்திரமே இல்லை என்று வங்கி வக்கீல் திருப்பிவிட்டார். பத்திரம் பதிவானது வேறு சார்பதிவாளர் அலுவலகமோ என்று பார்த்தேன், இல்லை. 1985இலிருந்து தேடச் சொல்லி மறுபடி பணம் கட்டினேன், அதே கதை.

அப்புறம்தான் பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்திரத்தில் சர்வே எண் 112/3. பட்டாவில், நிலம் பிரிக்கப்பட்டு உட்பிரிவு ஆனபின், 112/3ஏ2. வில்லங்கச் சான்று கேட்டபோது நான் பட்டாவில் உள்ள சர்வே எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறேன், பழைய பத்திரமோ அதில் எழுதிய எண்ணில்தான் பதிவாகியிருக்கும். இரண்டு எண்ணும் போட்டு விண்ணப்பித்தேன், பத்திரம் வந்தது. உட்பிரிவு உத்தரவு நகலையும் வக்கீலிடம் கொடுத்தேன். சரி, அடுத்து வங்கியின் மதிப்பீட்டுக்காரர் வருகிறார்.